யாருக்குப் பொறுப்பு?

1

'பொறுப்பான பிரயாணம்' என்று ஒரு சொற்றொடர் கொஞ்ச காலமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. டிராவல் ஏஜென்ஸிக்காரர்களின் வழவழப்பான காகிதத்தில் பிறந்து, வாரப் பத்திரிகைகளின் பிரயாணக் கட்டுரைகளுக்குள் புகுந்து, இப்போது இலக்கியம் பண்ணுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் கூச்சமில்லாமல் உபயோகிக்கிற அளவுக்கு அது கௌரவம் பெற்றுவிட்டது. காட்டு மிருகத்தைப் பார்க்கப் போகிறவர் அதைத் தொடாமல், குப்பை போடாமல், சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டி, அவர்கள் முடைந்த கூடை ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் அவர் பொறுப்பான பிரயாணி. இதெல்லாம் செய்யாதவர் வெறும் டூரிஸ்ட். ஜாதி பிரித்தாயிற்று. கட்டுரை எழுதுகிறவர் தாம் எந்த ஜாதி என்று முதல் பாராவிலேயே சொல்லிவிட்டு நிம்மதியாக இயற்கை வர்ணனைக்குப் போய்விடலாம்.

எனக்கு இந்தச் சொல்லோடு பழக்கம் வேறு வகை. நான் சம்பளம் வாங்கும் இடத்தில் பொறுப்பு என்பது ஐந்தொகையில் ஒரு பக்கம். சொத்துகள் ஒரு புறம், பொறுப்புகள் மறு புறம். பொறுப்பு என்றால் இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பெயரும் தொகையும் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுத முடியாது. யாருக்குச் சேர வேண்டியது என்று தெரியாத பணம் வந்தால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் அங்கேதான் கை வைப்பார். வருஷக் கணக்கில் அங்கே ஒரு தொகை கிடந்தால் என்னமோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

'பொறுப்பான பிரயாணி' என்னும்போது நான் கேட்க விரும்புவது இந்த ஆடிட்டர் கேள்விதான். யாருக்கு? எவ்வளவு?

ருவாண்டாவை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைப் பிரயாணத்துக்கு உலகத்திலேயே சிறந்த உதாரணம் என்று அதைத்தான் காட்டுகிறார்கள். காட்டுவதில் நியாயமும் இருக்கிறது. மட்டமான உதாரணத்தைப் பிடித்துவைத்து அடிப்பது விமர்சனம் ஆகாது. 26,338 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 ஜனத்தொகைக் கணக்குப்படி ஒரு கோடியே முப்பத்திரண்டு லட்சம் பேர். எங்கே பார்த்தாலும் மலை, மலையின் உச்சிவரைக்கும் விவசாயம். வடமேற்கு மூலையில் எரிமலை வரிசை. அதன் சரிவில் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தேசியப் பூங்கா. அதில் மலைக் கொரில்லாக்கள்.

நான் அங்கே போனதில்லை. போனவனுக்குத்தான் பேச உரிமை என்று சிலர் சொல்லக்கூடும். கொரில்லாவோடு ஒரு மணி நேரம் இருக்க வெளிநாட்டார் கட்டவேண்டிய கட்டணம் 1500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு மேல். பேசும் உரிமைக்கு அதுதான் விலை என்றால் ஆப்பிரிக்காவைப் பற்றி இனி வசதி படைத்தவர்கள் மட்டுமே அபிப்பிராயம் வைத்திருக்கலாம். புஸ்தகமும் அறிக்கையும் படிக்கத் தெரிந்தவனுக்குக் கணக்குப் பார்க்க அது போதும்.

2

முதலில் பிரயாணியின் பக்கம் என்ன நியாயம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவோம். ஏனென்றால் நம் சிறுபத்திரிகை வட்டத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு சோம்பேறித்தனமும் உண்டு. டூரிஸம் என்ற சொல் காதில் விழுந்ததும் 'எல்லாம் காலனியம்' என்று சொல்லிவிட்டு டீக்குச் சொல்லி அனுப்புகிற புத்திசாலித்தனம். ஆப்பிரிக்கா என்றாலே கான்ராடை இழுத்து வந்து உட்காரவைக்கிற பி.ஏ. இங்கிலீஷ் பழக்கம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். இவர்களுக்குச் சில எண்கள்.

1960 வாக்கில் விருங்கா எரிமலைகளில் சுமார் 450 கொரில்லாக்கள் இருந்தன. 1981 கணக்கெடுப்பில் சுமார் 250. இடையில் நடந்தது என்ன? 1969 தொட்டு, பூங்காவில் ஏறக்குறைய பத்தாயிரம் ஹெக்டேர் காடு பைரித்ரம் பயிரிட வெட்டப்பட்டது. பைரித்ரம் என்பது பூச்சிமருந்துக்கு ஆகிற பூ. திட்டத்துக்குப் பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1970களின் கடைசியில் மிச்சமிருந்த காட்டிலும் ஒரு பெரிய துண்டை மாடு வளர்க்க வெட்டுவதென்று யோசனை. அதை நிறுத்தியது கவிதை இல்லை, கட்டுரை இல்லை. பில் வெபர், ஏமி வெடர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1979-ல் மாட்டைவிடக் கொரில்லா அதிக வருமானம் தரும் என்று கணக்குக் காட்டினார்கள். டிக்கெட் போட்டு ஆட்களைக் கூட்டிப்போகும் ஏற்பாடு அப்படித்தான் ஆரம்பித்தது.

1967-லிருந்து அந்த மலையில் ஆராய்ச்சி முகாம் போட்டிருந்த டயன் ஃபாஸி இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்குத் தம் கொரில்லாக்கள் அருகே மனிதர் வருவதே பிடிக்காது. கண்ணி வைக்கிறவர்களைப் பிடித்துக் காஞ்சொறிச் செடியால் அடித்தார். 1985 டிசம்பரில் அவரை அவருடைய குடிசையிலேயே யாரோ வெட்டிக் கொன்றார்கள். 1988-ல் படம் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் அவர் வேண்டாம் என்ற டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவர் சமாதியைப் பார்க்க வந்தார்கள். சரித்திரத்துக்கு இம்மாதிரி வேடிக்கைகளில் எப்போதும் ஈடுபாடு உண்டு.

ஆனால் 2015-16 கணக்கெடுப்பில் விருங்காவில் 604. உகாண்டாவின் ப்விண்டிக் காட்டையும் சேர்த்து 1,063. 2018-ல் மலைக் கொரில்லா 'மிக அபாய' நிலையிலிருந்து ஒரு படி மேலே ஏற்றப்பட்டது. பெரிய குரங்கினங்களில் எண்ணிக்கை கூடியிருப்பதாகத் தெரிவது இது ஒன்றுதான். ஒரு குழுவுக்கு நாளில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம். ஏழு மீட்டர் தூரம் என்றிருந்ததைக் கொரோனாவுக்குப் பின் பத்தாக்கினார்கள். ஜலதோஷம் பிடித்தவன் வரக் கூடாது, பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வரக் கூடாது. மனிதனின் சளி கொரில்லாவைக் கொல்லும் என்பதால் ஏற்பட்ட விதிகள் இவை. நல்ல விதிகள்.

ஆகவே, கொரில்லாவுக்குப் பொறுப்பு என்ற வகையில் பிரயாணி தன் பாக்கியைக் கட்டியிருக்கிறான். பேரேட்டில் அந்த வரியை நாம் அடிக்க முடியாது. என் சண்டை அடுத்த வரியோடு.

3

1902-ல் ஃபான் பெரிங்கே என்ற ஜெர்மன் காப்டன் ஸபின்யோ எரிமலையில் ஏறும்போது இரண்டு கொரில்லாக்களைச் சுட்டான். ஒன்றின் உடல் பெர்லினுக்குப் போயிற்று. சுட்டவனின் பெயரையே அந்த இனத்துக்கு விஞ்ஞானப் பெயராக வைத்தார்கள். இன்றைக்கும் அதுதான் பெயர். 1921-ல் கார்ல் ஏக்லி நியூயார்க் மியூஸியத்துக்காக அதே மலைகளில் சுட்டான். சுட்ட பிறகு மனம் மாறி, பெல்ஜியம் ராஜாவைத் தூண்டி, 1925-ல் ராஜா பெயரிலேயே ஒரு தேசியப் பூங்கா ஏற்படச் செய்தான். அவன் சுட்டவை பதம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இப்போதும் நிற்கின்றன. காப்பாற்றும் காரியமே குற்றவாளியின் பச்சாதாபத்தில் ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

2005-லிருந்து ருவாண்டா அரசாங்கம் கொரில்லாக் குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் விழா நடத்துகிறது. பிறந்த குழந்தைக்கு ஊர் கூடிப் பெயர் வைக்கிற அந்த நாட்டுச் சடங்கின் அச்சில் செய்த விழா. வெளிநாட்டிலிருந்து நடிகர்கள் வருகிறார்கள், பந்து விளையாடுகிறவர்கள் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு குட்டி. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பெயர், பெயருக்கு ஓர் அர்த்தம், அர்த்தத்துக்கு ஒரு கைதட்டல்.

இதே காட்டில் கொரில்லாக்களோடு வெகு காலமாக ட்வா என்ற ஜனங்கள் இருந்தார்கள். வேட்டையாடி, தேன் எடுத்துப் பிழைத்தவர்கள். நாட்டின் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். பூங்காக்களின் எல்லை இறுக இறுக, 1970களிலும் 80களிலும் இவர்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நிலம் கொடுக்கவில்லை, காட்டுக்கு அவர்களிடம் பத்திரம் இல்லையே! காட்டுக்கு வெளியே அவர்களுக்குத் தெரிந்த தொழில் மண்பானை. சதுப்பு நிலத்துக் களிமண்ணில் பானை செய்தார்கள். பிறகு சதுப்பு நிலங்கள் நெல் பயிரிடப் போயின. பானை இருந்த இடத்துக்கு பிளாஸ்டிக் வந்தது.

அவர்கள் பெயர் என்னாயிற்று? 1930களில் பெல்ஜியம் அதிகாரிகள் ஒவ்வொருவர் கையிலும் அடையாளச் சீட்டு கொடுத்து அதில் ஹூட்டு, துட்ஸி, ட்வா என்று எழுதினார்கள். மூன்று பேரும் பேசுவது ஒரே பாஷை. 1994-ல் ரோட்டை மறித்து நின்றவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். நூறு நாளில் எட்டு லட்சம் என்று ஒரு கணக்கு, பத்து லட்சத்துக்கு மேல் என்று அரசாங்கக் கணக்கு, பெரும்பாலோர் துட்ஸிகள். அதற்குப் பின் வந்த அரசாங்கம் இந்தப் பெயர்களைப் பொது வாழ்க்கையிலிருந்தே எடுத்துவிட்டது. எல்லாரும் ருவாண்டர்கள். அவ்வளவு பிணங்களைப் பார்த்த நாடு அப்படி முடிவு செய்ததை எட்டத்தில் இருந்துகொண்டு பரிகசிக்க எனக்கு வாய் வராது.

ஆனால் அதன் பலனையும் பார்க்க வேண்டும். ட்வாக்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. 'ருவாண்டாவின் ஆதிக்குடிகள் சமூகம்' என்று பெயர். ஆதிக்குடி என்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லப்பட்டு, 2007-ல் அந்தச் சங்கம் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப் பெயர், 'ருவாண்டாவின் குயவர் சமூகம்'. காட்டுக்காரர்கள், காட்டைப் பிடுங்கியபின் கையில் வந்த தொழிலின் பெயரால் அறியப்பட வேண்டியதாயிற்று. அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் 'சரித்திர ரீதியாகப் புறந்தள்ளப்பட்டவர்கள்'. தள்ளியது யார் என்று அந்தச் சொற்றொடர் சொல்லாது. சரித்திரம் தள்ளிவிட்டது போலும்.

இப்போது 1500 டாலரைப் பிரித்துப் பார்ப்போம். பூங்கா வருமானத்தில் சுற்றியுள்ள ஜனங்களுக்கென்று 2005-லிருந்து நூற்றுக்கு ஐந்து. 2017-ல் கட்டணத்தை 750-லிருந்து 1500 ஆக்கியபோது அதைப் பத்தாக்கினார்கள். ஒரு டிக்கெட்டில் 150 டாலர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி என்று அது போகிறது. பள்ளிக்கூடத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பணம் 'சமூகத்துக்கு' என்று போகிறது. காட்டைப் பறிகொடுத்தவனும், காட்டெருமை உருளைக்கிழங்கை மேய்ந்துவிட்டுப் போக நிற்பவனும், கடை வைத்திருப்பவனும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பறிகொடுத்தவனுக்குச் சேர வேண்டியது தனியாக எந்தப் பெயரில் எழுதப்படும்? அந்தப் பெயர்தான் இல்லையே! சஸ்பென்ஸ் கணக்கு என்று நான் சொன்னது இதைத்தான். குட்டி கொரில்லாவுக்குப் பெயர் உண்டு, காசும் உண்டு.

கதை முடியவும் இல்லை. பூங்காவை ஏறக்குறைய கால்பங்கு விரிவாக்கத் திட்டம். பெருகிய கொரில்லாக்களுக்கு இடம் வேண்டும், உண்மைதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட்டு நகர வேண்டும். இவர்கள் ட்வாக்கள் அல்ல. விவசாயிகள், கையில் பத்திரம் உள்ளவர்கள். வீடு கட்டித் தருவதாக ஏற்பாடு. சந்தோஷம். பத்திரம் இருந்தவனுக்கு வீடு, இல்லாதவனுக்கு ஒரு சொற்றொடர் என்று முடியாமல் இருக்க வேண்டும்.

4

கலாசாரத்துக்கு வருவோம். பூங்காவின் வாசலில் ஒரு கலாசார கிராமம். கண்ணி வைத்தவர்களுக்குப் பிழைக்க வேறு வழி காட்ட ஏற்பட்டது. நோக்கம் குறைசொல்ல முடியாதது. கண்ணி வைத்த கை மத்தளம் கொட்டினால் கொரில்லாவுக்கும் நல்லது, கைக்கும் நல்லது. அங்கே பிரயாணிக்குச் செய்யும் உபசாரங்களில் ஒன்று, அவரை அரச உடை உடுத்தி, ஆசனத்தில் வைத்து, கொஞ்ச நேரம் ராஜாவாக்குவது.

ருவாண்டாவின் நிஜ ராஜாக்கள் என்ன ஆனார்கள்? ஞானஸ்நானம் பெற மறுத்த முஸிங்காவை பெல்ஜியம் 1931-ல் இறக்கிவிட்டது. காங்கோவில் நாடுகடந்து கிடந்து 1944-ல் செத்தார். கடைசி ராஜா ஐந்தாம் கிகேலி 1961-ல் முடி இழந்து, நாடு நாடாக அலைந்து, 2016-ல் அமெரிக்காவில் செத்தார். உடல் மட்டும் திரும்பி வந்தது. ராஜாவை இறக்கிய தேசத்தாரின் பேரன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அந்த ஆசனத்தில் உட்காருகிறான். பொறுப்பான பிரயாணி என்று கட்டுரையும் எழுதுகிறான். படம் எடுத்துக்கொண்டதாகவும் சொல்கிறான்.

அந்தக் கிராமத்தின் குடிசைகளுக்கு மேலே புல் வேய்ந்திருக்கிறது. பார்க்க அழகு. நாட்டில் புல் வேய்ந்த வீடே இருக்கக் கூடாது என்று 2010, 2011-ல் அரசாங்கம் இயக்கம் நடத்தியது. தகரத்துக்கு வழி இல்லாதவர்களின் கூரையும் பிரிக்கப்பட்டது. மழையில் நின்றவர்களில் ட்வாக்கள் பலர். புல் கூரை குடியிருக்க ஆகாது, பார்வைக்கு ஆகும். இந்த ஒரு முரணைக் கவனித்து எழுதிய பிரயாணக் கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை. எல்லாரும் நடனத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

இதைவிடக் கஷ்டமானது நினைவிடங்கள். ந்யமாட்டா சர்ச்சில் பெஞ்சுகளின் மேல் செத்தவர்களின் துணிகள் குவிந்திருக்கின்றன. முராம்பியில் ஒரு தொழிற்பள்ளியின் அறைகளில் சுண்ணாம்பிட்ட உடல்கள். இரண்டும் 2023-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. பிரயாண நிரலில் இவை கொரில்லாவுக்கு முந்தின நாளோ பிந்தின நாளோ வரும். பார்க்கப் போவது தப்பில்லை. அந்த நாடே 'வந்து பார்' என்கிறது. பார்த்தவர் எழுதுவதில்தான் வருகிறது கோளாறு. கண்ணீர் வந்தது, மனிதகுலம் என்று ஆரம்பித்து ஒரு பாரா, மன்னிப்பின் மகத்துவம் என்று இன்னொரு பாரா, பிறகு ஹோட்டல் காப்பி. செத்தவர்களுக்கு எதிரே தம் மனசு எவ்வளவு மிருதுவானது என்று காட்டிக்கொள்ளும் காரியம்.

மன்னிப்பு, சமாதானம் என்று எழுதுகிறவர்கள் கிஸிடோ மிஹிகோ என்ற பெயரைக் கேட்டிருக்கிறார்களா? இனக்கொலையில் தப்பிய துட்ஸி. சர்ச் பாடல்கள் எழுதிப் பாடியவர். அரசாங்க விழாக்களில் பாடின செல்லப்பிள்ளை. 2014 மார்ச்சில் ஒரு பாட்டு வெளியிட்டார். இனக்கொலையில் செத்தவர்களோடு, வேறு வகையில் கொல்லப்பட்டவர்களுக்காகவும் அதில் துக்கம் இருந்தது. பாட்டு நாட்டில் ஒலிக்காமற்போயிற்று. அடுத்த மாதமே கைது, சதிக் குற்றத்துக்குப் பத்து வருஷம், 2018-ல் மன்னிப்பு. 2020 பிப்ரவரியில் எல்லையைத் தாண்டப் பார்த்தார் என்று மறுபடி பிடித்தார்கள். சில நாளில் போலீஸ் காவலில் பிணம். தற்கொலை என்றது போலீஸ். மனித உரிமைக்காரர்கள் சுதந்திரமான விசாரணை கேட்டார்கள். ஒரு பாட்டுக்காரனின் துக்கத்துக்கு எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அளவு வைத்திருக்கிற இடத்துக்குப் போகிறோம் என்றாவது பிரயாணிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவர் ஏறுகிற எரிமலையின் மறு சரிவு காங்கோ. 2025 ஜனவரியில் அங்கே கோமா நகரம் எம்23 படையிடம் விழுந்தது. அந்தப் படைக்குப் பின்னால் ருவாண்டா ராணுவம் இருப்பதாக ஐ.நா. நிபுணர்கள் எழுதினார்கள், ருவாண்டா மறுத்தது. கட்டுரைகளில் அந்தத் திசையில் மேகம் மட்டும்தான் இருக்கிறது.

5

அப்படியானால் என்னதான் எழுதுவது என்று கேட்பார்கள். செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கொலாஸ்டிக் முகஸொங்கா சிறுமியாக ந்யமாட்டாப் பக்கம் குடும்பத்தோடு விரட்டி விடப்பட்டவர். 1994-ல் அவர் பிரான்சில் இருந்தார். ஊரிலிருந்த குடும்பம் அநேகமாக முழுதும் போயிற்று. பத்து வருஷம் கழித்துத் திரும்பிப் போனார். வீடுகள் இருந்த இடத்தில் புதர். 2006-ல் வந்த அவர் புஸ்தகத்தில் அந்தப் பாதையில் யார் யார் குடியிருந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். வர்ணனை கொஞ்சம், பெயர்கள் நிறைய. தன் கடன் யாரிடம் என்று தெரிந்தவர் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

அவர் அந்த ஊர்க்காரி. நாமோ அந்நியர் என்பார்கள். அந்நியர் ஒருவரையும் பார்ப்போம். 1998-ல் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் சிலர், நினைவின் கடமை என்று சொல்லி, ருவாண்டாவுக்குக் கூடிப் போனார்கள். ஐவரி கோஸ்ட்டின் வெரோனிக் டாட்ஜோ அதைப் பிரயாணப் புஸ்தகமாகவே எழுதினார். செனகலின் பூபக்கர் போரிஸ் டியோப் 2000-ல் முராம்பியைப் பற்றி நாவல் எழுதினார். அதோடு அவர் கணக்கு தீரவில்லை. அங்கே கண்டதும், பிரான்ஸ் அங்கே நடந்துகொண்ட விதமும், தான் எழுதுவது எவன் பாஷையில் என்ற கேள்வியை அவருள் கிளப்பிவிட்டன. அதுவரை பிரெஞ்சில் எழுதியவர், 2003-ல் தன் தாய்பாஷையான வொலோஃபில் ஒரு நாவல் எழுதினார். ஒரு பிரயாணம் ஒரு எழுத்தாளனிடமிருந்து வசூலித்தது என்ன என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. கூடை வாங்கிக்கொண்டு வந்தவர் அல்ல அவர்.

எல்லாருக்கும் இது சாத்தியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். டியோப்பின் நெருக்கடி நம் பிரயாணக் கட்டுரைக்காரருக்கு வேண்டாம். குறைந்தபட்சம் ஒன்று கேட்கலாம். 'பொறுப்பான' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, யாருக்கு என்று முன்னால் ஒரு சொல் எழுதிக்கொள்ளட்டும். கொரில்லாவுக்கு என்றால் எழுதலாம். 1,063 என்ற எண் சாட்சி சொல்லும். ட்வாவுக்கு என்று எழுதினால் எவ்வளவு, எப்போது தந்தார்கள் என்று அடுத்த வரி எழுத வேண்டியிருக்கும். அங்கேதான் கட்டுரை தொடங்கும். எழுத ஒரு பெயரும் அகப்படவில்லை என்றால் அந்த அடைமொழியை அடித்துவிட்டு, கொரில்லா பார்க்கப் போனேன், பார்த்தேன், பெரிதாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போகட்டும். அதில் பொய்யாவது இருக்காது.